உப்புக்காற்றில் நிற்கும் காரை டிராக்குக்குத் தயார் செய்வது

கீழக்கரையைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. பத்து வயதான பெட்ரோல் சுவிஃப்ட் காருடன் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இரண்டு முறை டிராக் டேயில் (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) ஓட்டியிருக்கிறார். இரண்டாம் முறையும் முதல் முறை எடுத்த நேரமே வந்திருக்கிறது. வளைவில் நுழையும்போது கார் திரும்ப மறுத்து மூக்கை வெளியே தள்ளுகிறது. பலமாகப் பிரேக் பிடித்தால் இலேசாக இடப்பக்கம் இழுக்கிறது. கையில் ஐம்பதாயிரம் ரூபாய் வைத்திருக்கிறார். தாழ்த்தும் ஸ்பிரிங், பதினேழு அங்குல அலாய் வீல், எக்ஸாஸ்ட் ஆகிய மூன்றில் எதை முதலில் போட்டால் லேப் நேரம் (ஒரு சுற்றுக்கான நேரம்) குறையும் என்று கேட்கிறார்.

மூன்றும் இப்போது வேண்டாம் தம்பி. உங்கள் கேள்வியில் விலைமதிப்புள்ள தகவல் ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது என்பதுதான் அது. கார் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரம் அதிகமாகப் பிடிக்கிறது என்று பொருள். ஆகவே பெரும்பாலும் வலது முன் சக்கரத்தின் பிரேக் தன் பங்கைச் செய்யவில்லை. கடலோரத்தில் நிற்கும் காரில் இதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது, டிஸ்க்கை இருபுறமும் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் ஸ்லைடு பின், அதாவது காலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் கம்பி. உப்பு ஈரம் ரப்பர் உறைக்குள் புகுந்து பின்னைத் துருப்பிடிக்க வைத்துவிட்டால் காலிப்பர் நகராது; உள்பக்கப் பேடு மட்டும் தேயும், வெளிப்பக்கப் பேடு பெயருக்கு நிற்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மண்டபத்தில் எட்டு ஆண்டுகள் குடியிருந்தேன். அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் கார் நிற்கும். முதல் டிராக் டே முடிந்து வந்த உற்சாகத்தில் தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்கிப் போட்டேன். அடுத்த முறை நேரம் கூடியது. ஓட்டத் தெரியவில்லை என்று என்னையே நொந்துகொண்டு மூன்றாம் முறையும் போனேன். அதன்பிறகு ஒரு நாள் பேடு மாற்றச் சக்கரத்தைக் கழற்றியபோதுதான் ஒரு பக்கப் பேடு ஆப்பு போலச் சாய்வாகத் தேய்ந்திருந்ததையும், ஸ்லைடு பின்னைச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டியிருந்ததையும் கண்டேன். ஒரு கோட்டில் நிற்காத பிரேக்கை வைத்துக்கொண்டு நான் ஸ்பிரிங்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாம்பன் பகுதியின் உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தினார்கள்; அதற்கு அரிப்பும் ஒரு காரணம். அந்தக் காற்றில்தான் நம் கார்களும் நிற்கின்றன. ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே நாளில் வெளிவந்த இரண்டு கார்களில் ஒன்று கோவையிலும் மற்றொன்று கீழக்கரையிலும் பத்து ஆண்டுகள் ஓடியிருந்தால், அடிப்பகுதியைப் பொறுத்தவரை அவை இரண்டும் வேறுவேறு கார்கள். ஆகவே நமக்கு செட்டப் (காரை டிராக்குக்கு ஏற்பச் சரிசெய்வது) என்பதன் முதல் பாதி, காரை அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுபோவதுதான். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் நம் விசைப்படகுகளைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டிப் பலகை பார்த்துச் சாயம் பூசுகிறார்கள். வேகம் குறைந்த படகுக்குப் பெரிய எஞ்சின் வாங்குவதற்கு முன் அதன் அடியைச் சுரண்டிப் பார்ப்பதே அங்கே வழக்கம்.

நான்கு சக்கரங்களையும் கழற்றிவிட்டுப் பார்க்கத் தொடங்குங்கள். அலாய் வீல், அது பொருந்தியிருக்கும் இரும்பு ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்; அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் அப்படித்தான் பற்றிக்கொள்ளும். ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அங்கே ஒரு துருச் செதில் சிக்கியிருந்தாலும் சக்கரம் நேராக உட்காராது, ஸ்டியரிங்கில் வரும் அதிர்வுக்கு டிஸ்க் வளைந்துவிட்டதாகப் பழி விழும். ஸ்லைடு பின்களை எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் அந்த ரப்பர் உறையை ஊதவைத்துப் பின்னை மறுபடியும் இறுக்கிவிடும். பிரேக் ஆயிலை வெளியேற்றும் பிளீட் நிப்பிளைக் கழற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். அவசரத்தில் திருகினால் தலை ஒடிந்து காலிப்பரையே மாற்ற வேண்டி வரும். அடுத்து, சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்களைக் கடப்பாரை வைத்து நெம்பிப் பாருங்கள். புஷ்ஷின் ரப்பர் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரமே பின்னால் நகர்ந்து கோணம் மாறும். இடப்பக்கம் இழுப்பதற்கு இது இரண்டாவது காரணமாக இருக்கலாம். பால் ஜாயின்ட், ஸ்டியரிங் ராடு முனைகள், ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு ஆகியவற்றை அதே மூச்சில் பார்த்துவிடலாம்.

பிரேக் ஆயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் பயன்படுத்தும் கிளைகால் வகை ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நம் கரையின் ஈரப்பதம் அதற்கு விருந்து. டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை, சுமார் 3.7 சதவீத நீர் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205-உம் 140-உம், டாட் 5.1 என்றால் 260-உம் 180-உம். இந்த எண்கள் டிராக்கில் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஆளோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள காரை 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்குக் குறைத்தால், வேகம் பாதிதான் குறைகிறது, ஆனால் ஆற்றலில் முக்கால் பங்கு போய்விடுகிறது. அது சுமார் 417 கிலோஜூல். ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். ஒவ்வொரு சுற்றிலும் இப்படிப் பலமுறை, பெரும்பகுதி முன் டிஸ்க்குகளில் மட்டும் சேர்கிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகி, பெடல் தரைவரை போகும். பெடல் கல் போல உறுதியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் ஆயில் நன்றாகத்தான் இருக்கிறது, பேடுதான் தாங்கும் வெப்பத்தை மீறிவிட்டது. இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருந்தால் தேவையில்லாத பொருளை வாங்க மாட்டீர்கள். ஒவ்வொரு டிராக் டேக்கும் முந்திய வாரம் சீல் உடைக்காத புதிய டப்பாவிலிருந்து டாட் 4 அல்லது 5.1 ஊற்றி மாற்றுங்கள். பெயர் ஒத்திருக்கிறதே என்று டாட் 5-ஐ ஊற்றிவிடக் கூடாது. அது சிலிகான் வகை, மற்றவற்றோடு சேராது.

ஓட்டம் முடியும்போது கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். பிட்டில் (டிராக்கின் ஓரத்து நிறுத்துமிடம்) நிறுத்தியதும் கைப்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். கொதிக்கும் பின்சக்கர டிரம்முக்குள் லைனிங்கை அழுத்தி வைக்க வேண்டாம்.

இனி டயர். ஐம்பதாயிரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும், ஆனால் அதற்கு முன் ஒரு பைசா செலவில்லாமல் காற்றழுத்தத்தில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கதவோரத்து ஒட்டியில் எழுதியிருக்கும் அழுத்தம் குளிர்ந்த டயருக்கு, சாலைக்கு, குடும்பத்தோடு போவதற்குச் சொன்னது. நம் டயர்களில் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ கூடும். காலையில் 32 வைத்துவிட்டு இறங்கினால் ஐந்தாறு சுற்றில் முன் டயர் 38, 39 என்று நிற்கும். டயர் பலூன் போல உருண்டு, நடுப்பட்டை மட்டும் தரையைத் தொடும். உங்கள் கார் மூக்கை வெளியே தள்ளுவதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கக்கூடும். சுவிஃப்ட் எடையுள்ள முன்சக்கர இயக்கக் காரில் சாதாரணச் சாலை டயருக்குச் சூடான நிலையில் 34 முதல் 36 வரை நான் தொடக்கமாக எடுத்துக்கொள்வேன். அதற்குக் குளிர்ந்த நிலையில் 28, 29 அளவில் தொடங்க வேண்டியிருக்கும். இதைவிடத் தாழ்த்தினால் பக்கச்சுவர் மடங்கும், ரிம்முக்கு ஆபத்து. டயரின் பட்டையிலிருந்து பக்கச்சுவர் வரை நான்கு இடங்களில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்பது டயர் எவ்வளவு மடங்கியது என்பதைச் சொல்லும். ஓரத்திலுள்ள சிறு முக்கோணக் குறிவரை அழிந்தால் சரி. அதைத் தாண்டிப் பக்கச்சுவரில் ஏறியிருந்தால் அழுத்தம் போதாது, அல்லது கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) போதாது.

அளப்பதில் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். எப்போதும் ஒரே கேஜ். பஞ்சர் கடைக் கேஜை நம்ப வேண்டாம். காலையில் நிழலில் அளந்து வையுங்கள். ஒரு பக்கம் வெயில் விழும் இடத்தில் நின்ற காரில் இடமும் வலமும் வேறுவேறாகக் காட்டும். ஓட்டம் முடிந்து பிட்டுக்கு வந்த முதல் இரண்டு நிமிடத்துக்குள் அளந்து எழுதிவிடுங்கள். ஒரு வேடிக்கையான செய்தி: கீழக்கரையில் கடல் மட்டத்தில் வைத்த அழுத்தம், சுமார் 400 மீட்டர் உயரத்திலுள்ள கோவையில் கேஜில் முக்கால் பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்ட வேண்டும், வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு என்பதால். ஆனால் கோவையின் காலைக் குளிர் அதே அளவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். என் குறிப்பேட்டில் இரண்டு ஊர் எண்களும் ஒன்றாகவே இருப்பதைப் பார்த்துக் கேஜ் பழுதோ என்று ஒரு காலத்தில் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் முடிவிலுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் வெயிலில் இறுகியிருக்கும். அதே அளவில் நல்ல பிடிப்புள்ள புதிய டயர் நான்கு வாங்குவதே நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த செலவு. பதினேழு அங்குல வீல் எடையைக் கூட்டும். சுற்றளவும் கூடினால் கியர் விகிதம் நீண்டு, வளைவிலிருந்து வெளியேறும் வேகம் மந்தமாகும். எக்ஸாஸ்டைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, சத்தம் வரும்.

டயரைச் சொன்ன கையோடு ஓட்டுபவரையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். வளைவில் தாங்கும் வேகத்தின் வர்க்கம், பிடிப்பையும் வளைவின் ஆரத்தையும் பெருக்கி வருவது. 0.9 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.9 மடங்கு பிடிப்புள்ள டயரில் 40 மீட்டர் ஆரத்தில் வளைந்தால் மணிக்கு 68 கிலோமீட்டர் வரை போகலாம். அதே வளைவில் டிராக்கின் முழு அகலத்தையும் பயன்படுத்தி, வெளியோரத்தில் நுழைந்து உள்ளோரத்தைத் தொட்டு வெளியோரத்தில் முடித்து, ஆரத்தை 50 மீட்டராக்கினால் 76 கிலோமீட்டர். எட்டு கிலோமீட்டர் இலவசம். டயரின் பிடிப்பை ஐந்து சதவீதம் உயர்த்தினாலோ கிடைப்பது இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. கரி ஸ்பீட்வே இரண்டு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும் நெருக்கமான டிராக். வளைவுகளே அங்கு நேரத்தைத் தீர்மானிக்கும். அந்த டிராக்குக்குப் பெயர் தந்த கோவை எஸ். கரிவரதன், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போகும்போது எஞ்சின் பலம் சற்று அதிகமாகப் பேசும், அப்போதும் இதே கணக்குதான்.

செட்டப் மாற்றம் பலன் தந்ததா என்று தெரிய வேண்டுமானால் உங்கள் சுற்றுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். தொடர்ந்து எட்டுச் சுற்றுகளின் நேரம் இரண்டு வினாடிக்கு மேல் சிதறிக் கிடந்தால், அரை வினாடி தரும் மாற்றத்தை அதில் காண முடியாது. கைபேசியின் ஜிபிஎஸ் பெரும்பாலும் வினாடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு குறிகளுக்கு நடுவே 28 மீட்டர் ஓடியிருப்பீர்கள். வினாடிக்குப் பத்து முறை குறிக்கும் தனி ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்குங்கள். எக்ஸாஸ்டைவிட நல்ல செலவு அது. ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மாற்றியதைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய் மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மாலைக்குள் டிராக்கின் சூடும் உங்கள் துணிவும் சேர்ந்து நேரத்தை மாற்றியிருக்கும். அதைப் புதிய பொருளின் சாதனையாக எழுதிவிடக் கூடாது.

இவ்வளவும் சரியான பிறகும் மூக்கு வெளியே தள்ளினால் கேம்பரைத் தொடலாம். சுவிஃப்டின் முன்பக்க மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு), கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் அதனோடு சாய்ந்து, டயரின் வெளியோரத் தோள்பட்டையில் ஓடும். முன் டயரின் வெளியோரம் மட்டும் கரைந்திருப்பது அதன் அடையாளம். ஸ்ட்ரட்டும் நக்கிளும் (ஹப்பைத் தாங்கும் பாகம்) சேரும் இடத்தில் கேம்பர் போல்ட் போட்டு 1.5 டிகிரி அளவுக்கு எதிர்க் கேம்பர் (சக்கரத்தின் மேல்புறம் உள்நோக்கிச் சாய்வது) வைத்தாலே நல்ல வேறுபாடு தெரியும். நம் கார்களில் அந்தப் பழைய போல்ட் துருவேறி உறைந்திருக்கும். ஊறவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். கேம்பரை மாற்றினால் டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறிவிடும் என்பதால் அன்றே அலைன்மென்ட் செய்ய வேண்டும். டோவைப் பூஜ்யத்தில் வையுங்கள். சிறிது வெளிநோக்கி வைத்தால் கார் வளைவில் விரைந்து நுழையும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் அதே டயரில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டித் திரும்ப வேண்டியவர், உள்ளோரம் தேய்ந்துபோகும். பின்பக்கம் டார்ஷன் பீம், இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்திரம். அங்கே கோணம் மாற்ற எளிய வழியில்லை. பின் டயர் அழுத்தத்தை இரண்டு இரண்டு பிஎஸ்ஐயாக உயர்த்திப் பார்த்தால் பின்பக்கப் பிடிப்பு சற்றுக் குறைந்து கார் திரும்ப இசையும். அந்த நிலையில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விட்டால் பின்பக்கம் சுழன்று முன்னே வரும் என்பதை மறக்க வேண்டாம்.

தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டு எனக்கு நேரம் கூடியதற்கு பிரேக் மட்டும் காரணமில்லை. ஸ்ட்ரட் வகைக் காரைத் தாழ்த்தும்போது லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்கிறது. கார் எந்த மையத்தைச் சுற்றிச் சாய்கிறதோ அது, காரின் கனமையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், கார் தாழ்ந்திருந்தும் சாயும் விசை அதிகமாகிறது. ஷாக் அப்சார்பரின் ஓட்டமும் குறைந்து, நடு வளைவில் பம்ப் ஸ்டாப்பில் (ஓட்டத்தின் கடைசியில் தடுக்கும் ரப்பர்) முட்டும். முட்டிய கணத்தில் முன் டயர் பிடிப்பை விடும். பழைய ஸ்பிரிங்கையே அறுத்துப் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் காரை விடவே வேண்டாம். தேய்ந்த ஷாக்குகளுக்குப் பதில் கம்பெனி அளவில் புதியவை போடுவதே உங்கள் நிலையில் போதும்.

புறப்படுவதற்கு முன் ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியிலுள்ள சாமான் எல்லாவற்றையும் டிராக்கின் பிட்டில் இறக்கிவைக்கத் திட்டமிடுங்கள். பெட்ரோலைக் கால் டேங்குக்குக் கீழே விட வேண்டாம்; லிட்டருக்கு முக்கால் கிலோதான், வளைவில் எரிபொருள் விலகி எஞ்சின் தடுமாறினால் அதைவிட அதிகம் இழப்பீர்கள். வழக்கமான வாகனக் காப்பீடு பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்பதை பாலிசியில் படித்துவிட்டுப் போங்கள்.

மாற்றியதைச் சோதித்துப் பார்க்கத் தனுஷ்கோடி நேர்ச்சாலைக்குப் போகலாமா என்ற எண்ணம் வரும், எனக்கும் வந்தது. அரிச்சல்முனை வரை நூல் பிடித்தாற்போல் கிடக்கும் அந்தச் சாலையில் கச்சான் காற்று மணலை அள்ளி வந்து போடும், பக்கக்காற்று காரைத் தள்ளும், சுற்றுலாப் பயணிகள் கடலைப் பார்த்தபடியே சாலையைக் கடப்பார்கள். பொதுச்சாலையில் பந்தய வேகம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு, நேர்ச்சாலையில் கேம்பரையோ டயர் அழுத்தத்தையோ பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. பிரேக் இழுக்கிறதா என்பதை மட்டும் ஆளில்லாத இடத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பார்த்துக்கொண்டால் போதும்.

மாலையில் கிளம்பும்முன் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். சூடேறி ஆறிய பிறகு சில சமயம் தளர்ந்திருக்கும். பகலில் சூடான டயரிலிருந்து நீங்கள் காற்றை இறக்கிய நிலையும் அப்படியே இருக்கும். டயர் குளிர்ந்தபின் அளந்தால் 27, 28 என்றுதான் காட்டும். இறக்கி வைத்த சாமானையெல்லாம் திரும்ப ஏற்றி, மதுரை, பரமக்குடி வழியாக இரவில் வரப்போகிறீர்கள். கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றை நிரப்பிக்கொண்டு வண்டியை எடுங்கள்.